கட்டை, திருகு, உப்புக்காற்று: .315 ரைஃபிளைச் சீராக்குதல்

அத்தியாயம் 7

"பேரல் சரியில்லை" என்று சொல்லாத .315 உரிமையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மாறாமலைப் பக்கம் கிராம்புத் தோட்டம் வைத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து உரிமம் வாங்கியவரும் அதைத்தான் சொல்வார். வாங்கிப் பார்த்தால் பேரலில் ஒரு குறையும் இருக்காது. முன்கட்டைத் திருகு ஆடும், பின்கட்டை அசையும், ரவுண்டு உட்காரும் அறைக்குள் போன வருஷத்து எண்ணெய் பிசினாய் ஒட்டியிருக்கும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம், தெற்கே முழுக்கக் கடல். மரம் வருஷத்துக்கு இரண்டு முறை ஊதி இரண்டு முறை சுருங்குகிறது. மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இரும்பு மட்டும் இடம் மாறாமல் இருக்குமா?

அதனால் இந்த அத்தியாயத்தில் புதிதாக எதையும் வாங்கச் சொல்லப் போவதில்லை. இருப்பதை இறுக்கி, துடைத்து, அளந்து பார்க்கும் வேலைதான்.

எந்த ரைஃபிள்?

மேற்கு வங்கத்தில் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்த .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளை வைத்தே எழுதுகிறேன். நம் பக்கம் உரிமத்தில் இருக்கும் போல்ட் ரைஃபிள்களில் அதிகம் கண்ணில் படுவது அதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ராணுவத்தின் .303 ரவுண்டை மக்கள் வைத்திருக்கத் தடை இருந்தது. அதற்கு மாற்றாகத் துப்பாக்கி செய்தவர்கள் 8×50 மன்லிக்கர் ரவுண்டைப் பிடித்துக்கொண்டார்கள். பெயர் .315, உடம்பு பழைய லீ-என்ஃபீல்டு. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது இச்சாப்பூர், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குப் போயிற்று. துப்பாக்கியின் குணம் மாறவில்லை.

அந்தக் குணத்தில் மூன்றை மனதில் வையுங்கள். ஒன்று, கட்டை இரண்டு துண்டு: முன்கட்டை தனி, பின்கட்டை தனி. இரண்டு, போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருக்கின்றன. மூன்று, ரவுண்டின் அடியில் விளிம்பு உண்டு. கீழே வரும் தொல்லைகள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன.

கை வைக்கும் எல்லை

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் வேண்டும். பேரலை வெட்டிக் குட்டையாக்குவது குற்றம். ரவுண்டுக்கு மருந்து மாற்றுவது, காலி உறையில் மறுபடி நிரப்புவது பக்கமே போகாதீர்கள். நீங்கள் செய்யக்கூடியது சுத்தம், எண்ணெய், திருகு, மேகசின் சோதனை, குறிமுள், பதிவு. ரிசீவரில் துளை போடுவது, ட்ரிகர், பேரல் முனை, ஹெட்ஸ்பேஸ் (ரவுண்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) எல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரின் வேலை. கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். வழியில் உரிமப் புத்தகம் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. பன்றி வந்து மரச்சீனியைத் தோண்டுகிறது என்பதற்காக உரிமம் வைத்திருப்பவர் தன் இஷ்டத்துக்குச் சுட முடியாது. அது வனத்துறையின் கையில் இருக்கும் விஷயம். வடக்கே மலைப்பக்கம் சரணாலயக் காடு. சுடுவது என்று இந்த அத்தியாயத்தில் எங்கே வந்தாலும் அது அங்கீகாரம் பெற்ற சுடுதளத்தில் மட்டும். தோட்டத்து மண்மேட்டை நம்பிச் சுடாதீர்கள். இந்த ரவுண்டின் குண்டு கிலோமீட்டர்க் கணக்கில் போகும். ரப்பர் மரத்துக்குப் பின்னால் பால்வெட்டப் போகிறவர் இருப்பார்.

தொடும் முன், ஒவ்வொரு முறையும்

1. முனையைப் பாதுகாப்பான பக்கம் திருப்புங்கள். வீட்டில் அது வெளிச்சுவரின் பக்கம். அடுத்த அறையின் பக்கம் அல்ல.
2. மேகசினைக் கழற்றுங்கள்.
3. போல்ட்டைத் திறந்து பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை அறைக்குள் விட்டுத் தடவுங்கள். மாலை வெளிச்சத்தில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது.
4. ரவுண்டுகளை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். மேசை மேல் எண்ணெயும் துணியும் மட்டும் இருக்கட்டும்.

பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

முதலில் அளவு எடுங்கள்

எல்லாரும் தவறுகிற படி இது. தளத்துக்குப் போய் நாலு ரவுண்டு சுட்டு, ஒன்று அங்கே ஒன்று இங்கே போனதும் குறிமுள்ளைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். எது கோளாறு என்று தெரியாமலே எதையோ மாற்றியாயிற்று. பிறகு எதுவும் விளங்காது.

1. முன்கூட்டியே பேசி, இந்த அளவு ரவுண்டைச் சுட அந்தத் தளத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல சங்கங்களில் காற்று ரைஃபிளும் .22ம் மட்டும்தான்.
2. ஒரே பெட்டியிலிருந்து, ஒரே தொகுதி எண் கொண்ட 15 ரவுண்டு எடுங்கள். இரண்டு பெட்டியைக் கலக்காதீர்கள்.
3. 50 மீட்டரில், மணல் மூட்டை மேல் முன்கட்டையைத் தாங்க வையுங்கள். மூட்டையில் படுவது கட்டை மட்டும், பேரல் படக்கூடாது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் கட்டையின் அதே இடம் மூட்டையில் இருக்கட்டும்.
4. ஐந்தைந்தாக மூன்று அட்டை. நடுவே பேரல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும்.
5. எங்கே விழுந்தாலும் குறிமுள்ளைத் தொடாதீர்கள். அட்டையில் தேதி, தொகுதி எண், வானிலை எழுதி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்தும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் விழுந்து, ஆனால் நடுவிலிருந்து தள்ளியிருந்தால், துப்பாக்கி நன்றாக இருக்கிறது. குறிமுள் வேலை மட்டும் பாக்கி. மேலும் கீழுமாகச் சிதறினால் முன்கட்டைத் திருகையும் ரவுண்டையும் சந்தேகப்படுங்கள். முதல் ரவுண்டு ஓரிடம், சூடேற ஏற அடுத்தவை ஒரே திசையில் நடந்து போனால் கட்டை பேரலை ஒரு பக்கம் தள்ளுகிறது. ஒரு ஒழுங்குமே இல்லை என்றால், வருத்தப்படாதீர்கள், முதலில் உங்கள் தோளைச் சந்தேகப்படுங்கள். நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஐந்து சுடச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அட்டையையே பிய்த்துப் போகும். 50 மீட்டரில் குண்டை அது அதிகம் நகர்த்தாது, சுடுகிறவரை நகர்த்தும். அளவு எடுக்க காலை நேரமே நல்லது.

பேரலும் அறையும்

பட்டாளத்துக்காரர் வீட்டில் பேரலுக்குள் விட்டு இழுக்கும் புல்த்ரூ கயிறும் அதற்கான துணித் துண்டும் இருக்கும். இல்லாதவர்கள் நல்ல பூச்சுப் போட்ட ஒற்றைக் கம்பி வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் அறைப் பக்கமிருந்து முனைப் பக்கம்தான் போக வேண்டும்.

1. போல்ட்டை எடுக்க: பின்னுக்கு முழுக்க இழுத்து, போல்ட் தலையை விரலால் மேலே திருப்பிவிட்டால் கழன்று வரும். அதில் இருக்கும் எண்ணும் ரிசீவரின் எண்ணும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். வேறாக இருந்தால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டுக் கடைக்காரரிடம் போங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட்டை மாட்டிச் சுடுவது கண்ணைப் பணயம் வைப்பது.
2. சுட்ட அன்றே என்றால், முதலில் கொதிக்கும் வெந்நீர். அறையில் புனல் வைத்து அரை லிட்டர் ஊற்றுங்கள். தண்ணீர் கட்டைக்குள் இறங்காமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.
3. உலர்ந்த துணி, ஈரம் வராத வரை.
4. கரைப்பான் தோய்த்த துணி, பத்து நிமிஷம் ஊறல், பித்தளைத் தூரிகை, மறுபடி துணி. துணியில் பச்சை ஏறினால் செம்பு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பச்சை போகும்வரை தொடருங்கள்.
5. மெல்லிய எண்ணெய், ஒரு துணி. அறையை மட்டும் கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

துப்பாக்கிக்கு ஏன் வெந்நீர் என்று கேட்பார்கள். பழைய ரவுண்டுகளின் வெடிமூடியில் இருக்கும் ரசாயனம் எரிந்ததும் உப்பாகிப் பேரலில் படியும். கிட்டத்தட்ட நம் சாப்பாட்டு உப்பின் தம்பி. எண்ணெயில் அது கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய் போட்டு மூடினால் அடியில் உட்கார்ந்து ஈரத்தை உறிஞ்சும். மணவாளக்குறிச்சிக் கடற்காற்றில் மறுநாள் காலையே செந்நிறம் தெரியும். கையில் இருக்கும் பெட்டி பழையதா புதியதா என்று ஆராய்வதைவிட எல்லாவற்றையும் உப்பு விடுகிற ரவுண்டாகவே நினைத்துக் கழுவிவிடுவது சுலபம். 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய் பிறகு உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்த ஊர் நம் ஊர். இரும்பும் கடற்காற்றும் இங்கே பழைய பகையாளிகள்.

*அடிக்கடி நடக்கும் தவறு:* புல்த்ரூவை ஓர் ஓரமாகச் சாய்த்து இழுப்பது. கயிறு பேரல் முனையின் உதட்டில் உரசி உரசிப் பள்ளம் போடும். குண்டு கடைசியாக விட்டுப் போகும் இடம் அந்த உதடுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு வெளியேறும்போதே ஒரு பக்கம் தள்ளு வாங்கும். நேராக இழுங்கள்; இன்னொருவர் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டால் நல்லது. முனையைச் சோதிக்க, கொஞ்சம் பஞ்சை அந்த உதட்டின் உள்விளிம்பில் சுற்றித் தடவுங்கள். இழை மாட்டும் இடத்தில் பிசிறு இருக்கிறது. அரம் எடுக்காதீர்கள். அது கடைசல் வேலை.

கட்டை: பாதிக் கோளாறு இங்கேதான்

ஒரு சொந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். என் பின்கட்டை ஆடியது. பின்கட்டையின் அடியில் உள்ள பட்டைத் தகட்டைத் திறந்து, நீளத் திருப்புளியை உள்ளே விட்டு, கட்டையைப் பிடிக்கும் நீள போல்ட்டைத் தளர்த்தித் திருப்பினேன். முதலில் இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் அழுத்தினேன். 'டக்' என்று முருங்கைக் கொம்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. முன்கட்டையைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், அதன் பின்நுனி நீளவாட்டில் பிளந்திருந்தது.

என்ஃபீல்டு அமைப்பில் அந்த நீள போல்ட்டின் முன்நுனி சதுரமாக இருக்கும். தானாகத் திரும்பிவிடாமல் இருக்க அது முன்கட்டைக்குள் உள்ள ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டை இருக்கும்போது போல்ட்டைத் திருப்பினால் சதுரம் மரத்தைப் பிளந்துவிடும். உங்கள் துப்பாக்கியில் அந்தத் தகடு இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தெரியாது. ஆகவே விதி ஒன்றுதான்: முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டையின் போல்ட்டைத் தொடாதே.

வரிசை இப்படி:

1. திருகின் வெட்டில் அசையாமல் உட்காரும் திருப்புளி வேண்டும். கோட்டாற்றில் இருபது ரூபாய்க்கு வாங்கியதைத் தீட்டிக்கூடப் பொருத்திக்கொள்ளலாம். அலகு சரிவாக இருந்தால் திருகுத் தலையைத் தின்றுவிடும்.
2. மேகசின், போல்ட் வெளியே. முன்பக்க வளையத் திருகு இருந்தால் அதைக் கழற்றுங்கள்.
3. ட்ரிகர் காப்பின் முன்திருகு, பிறகு பின்திருகு. ஒரு பழைய முறுக்குத் தட்டில் கழற்றிய வரிசையில் வையுங்கள்.
4. காப்பை எடுத்தபின் முன்கட்டையை இரண்டு முனையிலும் மாற்றி மாற்றி, கையால் கீழே தளர்த்துங்கள். ஒரு முனையை மட்டும் இழுத்தால் பின்நுனி ஒடியும்.
5. இப்போது பின்கட்டையின் போல்ட்டை இறுக்குங்கள். கையால் உலுக்கினால் முனகக்கூடக் கூடாது.
6. முன்கட்டையின் உட்புறத்தை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது எது? ட்ரிகருக்குப் பக்கத்தில், ரிசீவரின் உதையைத் தாங்குகிற இரண்டு மர முகங்கள், இடமும் வலமும். துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும் வேகம் முழுக்க இந்தக் கட்டைவிரல் அளவு மரத்தில்தான் விழுகிறது. ஒரு முகம் நசுங்கிப் பளபளத்து, மற்றது புதிதாகவே இருந்தால், எடை முழுவதும் ஒரு பக்கம்தான் போகிறது. உறுதி செய்ய வீட்டில் இருக்கும் கண்மையை எடுத்து, ரிசீவரின் அந்த முகங்களில் மெல்லியதாகத் தடவி, கட்டையை மாட்டி இறுக்கிக் கழற்றுங்கள். மரத்தில் கறுப்பு விழுந்த இடம்தான் தொடுகிறது. இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும்.

சமமில்லை என்றால் மரத்தைச் செதுக்காதீர்கள். எடுத்த மரத்தைத் திருப்பி வைக்க முடியாது. மெல்லிய மரத்தகடு ஒட்டிச் சமன் செய்வதுதான் முறை. அது கடைக்காரரின் வேலை. பிளவு மட்டும் என்றால் கட்டையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு ஒரு நல்ல ஆசாரியிடம் போகலாம். துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள்.

முன்திருகைச் சுற்றி ஒரு சிறு உலோகக் குழாய் இருந்தால் அதையும் பாருங்கள். திருகு அந்தக் குழாயின் மேல்தான் இறுகும். மரம் நசுங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் பங்குனி வெயிலில் மரம் சுருங்கிக் குழாயைவிடத் தாழ்ந்துவிட்டால், திருகு கல்லாக இறுகியிருக்கும், கட்டை மட்டும் ஆடும். எத்தனை இறுக்கினாலும் தீராது. "திருகெல்லாம் டைட்டாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களின் துப்பாக்கியில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

7. எண்ணெய். ஆளிவிதை எண்ணெய், சொட்டுச் சொட்டாக, உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து. மேலே மட்டும் பூசிப் பயனில்லை. உள்பள்ளம், பட்டைத் தகட்டுக்கு அடியில் தெரியும் மரத்தின் வெட்டுமுகம், திருகுத் துளை, எல்லாவற்றிலும். ஈரம் உறிஞ்சுவது அந்த மூடாத முகங்கள் வழியாகத்தான். மெல்லிய பூச்சு, இரண்டு நாள் காய்ச்சல், மறுபடி. மூன்று முறை. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.
8. திரும்ப மாட்டும்போது முன்திருகை முதலில் இறுக்கி, பின்திருகை அடுத்து. முழுக் கை பலமும் வேண்டாம். திருப்புளியின் கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டால் இறுக்கும் அளவு. திருகுத் தலையிலும் காப்பிலும் சேர்த்து நகச்சாயத்தால் ஒரு கோடு போடுங்கள். கோடு பிசகினால் திருகு நகர்ந்திருக்கிறது.

மாட்டியபின் பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு பத்து ரூபாய் நோட்டை நுழைத்து நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும், ஒரு பக்கமாகச் சிக்கினால் அங்கே மரம் பேரலைத் தள்ளுகிறது. அந்த இடத்தைக் குறித்துவைத்துக் கடைக்காரரிடம் காட்டுங்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் பேரல் முழுக்க மரத்தைத் தொடாமல் மிதக்க வேண்டும் என்று சொல்லும். நவீன ரைஃபிளுக்கு அது சரி. என்ஃபீல்டின் மெல்லிய பேரல் முன்நுனியில் அடியிலிருந்து லேசான தாங்கல் கிடைத்தால் ஒழுங்காக நடந்துகொள்ளும் ஜாதி. படித்த வேகத்தில் முன்கட்டையைக் குடைந்துவிட்டு, பிறகு சிதறுகிறது என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

*குறிப்பு:* முன்கட்டையை மாதாமாதம் கழற்றாதீர்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் தளர்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், போதும்.

தேங்காய் எண்ணெய் விவகாரம்

நாஞ்சில் நாட்டில் கதவுக் கீலிலிருந்து தலைமயிர் வரை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். துப்பாக்கிக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். மார்கழிக் காலையில் சமையலறைக் குப்பியில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போல்ட்டுக்குள் ஊசியும் சுருளும் இருக்கும் குழிக்குள்ளும் அப்படியே நிற்கும். ஊசி சோம்பலாக முன்னே போகும், வெடிமூடியில் லேசான பள்ளம் மட்டும் விழும், ரவுண்டு வெடிக்காது. "ரவுண்டு பழசு" என்று திட்டுவோம். பகலில் அதே ரவுண்டு வெடித்துவிட்டால் எதனால் என்று யாருக்கும் புரியாது. போதாக்குறைக்கு மாதங்கள் போனால் அது சிக்குப்பிடிக்கும்.

போல்ட்டின் உட்குழியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, மெல்லிய இயந்திர எண்ணெய் இரண்டே சொட்டு. தையல் இயந்திர எண்ணெய் சமாளிக்கும். பின்பக்கப் பூட்டுக் காதுகளில் மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

ட்ரிகர்

இழுவை கனமாக இருக்கிறது என்று யாராவது கல்லில் தேய்த்துத் தர முன்வந்தால் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். பொய்யாகப் பிடிக்கும் ட்ரிகர் கீழே வைத்த அதிர்விலேயே வெடிக்கும். நீங்கள் செய்ய வேண்டியது சோதனை மட்டும். காலித் துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டி, ரப்பர் பாயின் மேல் பின்கட்டையின் அடியை ஒரு சாண் உயரத்திலிருந்து மெதுவாகத் தட்டுங்கள். ஊசி தானாக விழுந்தால் அன்றோடு நிறுத்துங்கள். பாதுகாப்பு நெம்பை மாட்டி ட்ரிகரை இழுத்து, விட்டு, நெம்பை எடுங்கள். அப்போது விழுந்தாலும் அப்படியே.

இழுவையைப் பழக ஒரு நல்ல வழி, 20 ஜூலுக்குக் குறைவான .177 காற்று ரைஃபிள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்கு உரிமம் வேண்டாம். மாடியில் பத்து மீட்டரில், பின்னால் உறுதியான தடுப்பு வைத்துத் தினம் இருபது குண்டு. விரல் தானே பக்குவப்படும்.

சிக்காமல் ஓட

விளிம்புள்ள ரவுண்டு என்றால் ஒரே ஒரு சட்டம்: மேலே போடும் ரவுண்டின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால், போல்ட் மேல் ரவுண்டைத் தள்ளும்போது அது கீழ் ரவுண்டையும் கொக்கியாகப் பிடித்து இழுக்கும். போல்ட் பாதியில் நிற்கும். வேகமாக நிரப்புகிற கைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும்.

1. வீட்டில் சோதிக்க, போலி ரவுண்டுகள் மட்டும். உயிருள்ளவற்றை வீட்டில் போல்ட்டுக்குள் ஓட்டிப் பார்க்கவே கூடாது.
2. ஒவ்வொன்றாக, விளிம்பு முன்னால் வர, நிரப்புங்கள். போல்ட்டைத் தயங்காமல் முழு நீளமும் இயக்குங்கள்.
3. எப்போதும் ஒரே எண்ணிக்கையில் சிக்கினால் மேகசின் உதடு வளைந்திருக்கிறது. இடம் மாறி மாறிச் சிக்கினால் நிரப்பும் முறையில் தவறு.
4. மேகசின் சுருளில் துரு இருக்கிறதா பாருங்கள். உலர்வாகத் துடையுங்கள்.

ரவுண்டுகளை மழையில் நனைந்தபடியோ எண்ணெய்க் கையாலோ போடாதீர்கள். உலர்ந்த உறை வெடிக்கும்போது அறைச் சுவரைக் கவ்விப் பிடிக்கும். ஈரமோ எண்ணெயோ இருந்தால் பிடி வழுக்கி, முழு உதையும் போல்ட்டின் மேல் விழும். இந்த அமைப்பில் பூட்டுக் காதுகள் பின்னால் இருப்பதால் அந்தக் கூடுதல் பாரம் போல்ட்டுக்கும் ரிசீவருக்கும் நல்லதல்ல. பச்சை பிடித்த, நெளிந்த, குண்டு ஆடுகிற ரவுண்டைத் தனியே வைத்துக் கடைக்காரரிடம் ஒப்படையுங்கள்.

*தளத்தில் இரண்டு அவசரம்:* 'டிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லையென்றால், முனையை அட்டையின் பக்கமே பிடித்து ஒரு நிமிஷம் காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். 'புஸ்' என்று மெலிந்த சத்தமும் உதை குறைவும் வந்தால், குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கக்கூடும். அடுத்த ரவுண்டைப் போட்டால் பேரல் கிழியும். காலிசெய்து, போல்ட்டை எடுத்து, அறைப் பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள்.

கடைசியில்தான் குறிமுள்

திருகும் கட்டையும் அறையும் முடிந்தபின், அதே தொகுதி ரவுண்டோடு அதே தளத்துக்குப் போய் மறுபடி மூன்று அட்டை. பழைய அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். குறுகியிருந்தால் மட்டும் குறிமுள்ளுக்கு வாருங்கள்.

பின்குறியை, குண்டு போக வேண்டிய திசையிலேயே நகர்த்த வேண்டும். முன்குறியை எதிர்த்திசையில். எவ்வளவு என்பதற்குக் கணக்கு எளிது: பிசகிய தூரத்தை இரண்டு குறிகளுக்கும் நடுவே உள்ள நீளத்தால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுங்கள். குறிகளுக்கு நடுவே 50 சென்டிமீட்டர், 50 மீட்டர் தூரம், 5 சென்டிமீட்டர் பிசகு என்றால் நகர்த்த வேண்டியது அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. பித்தளைக் குத்துளி வைத்து, பென்சில் கோடு போட்டு, மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தவர்கள் மறுபக்கம் போய்த் திரும்பி வருவார்கள்.

முன்குறி வெயிலில் மினுங்கினால் கண்ணை ஏமாற்றும். விளக்குக் கரியை லேசாகப் பூசிக்கொண்டால் தீர்ந்தது.

ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போது

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடைக்காரரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள். வாரக்கணக்கில் அது அங்கே சுவரில் சாய்ந்து நிற்கும். ஒருமுறை நான் திரும்ப வாங்கியபோது பேரலில் ஆரஞ்சுப் பொடி, கட்டை ஈரத்தில் ஊதி வளையத் திருகு அசையவில்லை. அதன் பிறகு இப்படிச் செய்கிறேன்.

ஒப்படைக்கும் முன்தினம் பேரலுக்குள் கனத்த எண்ணெய், வெளி இரும்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு. முனையில் மூடியெதுவும் செருகுவதில்லை. மறந்து சுட்டால் ஆபத்து. ரெக்ஸின் உறையில் வைப்பதில்லை, அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். பருத்திப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. திருகுகளின் நகச்சாயக் கோடுகளை ஒரு போட்டோ. திரும்ப வாங்கிய அன்று முதலில் உலர்ந்த துணி பேரல் வழியாக, எண்ணெய் துளியும் மிச்சமில்லாமல். பிறகு கோடுகளைப் போட்டோவோடு ஒப்பிடுவேன். கோடு பிசகியிருந்தால் மறுபடி பத்து ரூபாய் நோட்டு, மறுபடி 50 மீட்டர், ஐந்து ரவுண்டு. அதை எழுதிவைக்க, உரிமப் புத்தகத்தோடு ஒரு சின்ன நோட்டும் அதே பையில் கிடக்கட்டும்.